தொடக்கப் பள்ளியில் கணினிக் கல்வி: வந்த வழி



நமது உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் 2009-ஆம் ஆண்டில் ஐ.என்.எஸ். பருந்து எனப் பெயர் சூட்டப்பெற்றது. 2012-இல் ஆளில்லா விமானப் படைப்பிரிவும் அங்கு அமைந்தது. கணினியால் இயங்கும் அவ்விமானங்களை அண்ணாந்து நோக்கும் நம் சிறுவர் சிறுமியர்க்குக் கணினியை எவ்வாறு கற்பிப்பது? இவ்வினாவிற்கு உலகம் அரை நூற்றாண்டிற்கும் மேலாக விடை தேடி வருகின்றது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

1967-ஆம் ஆண்டு அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபியூர்சைக் ஆகியோர் சிறுவர்க்கென்றே ‘லோகோ’ என்னும் கணினி மொழியை உருவாக்கினர். ‘முன்னே 50, வலப்புறம் 90’ என நான்கு முறை கட்டளையிட்டால் ‘ஆமை’ ஒன்று நகர்ந்து சதுரம் வரையும். கட்டளை பிழையானால் கோடும் கோணலாகும். பிள்ளை தானே திருத்திக்கொள்ளும். கணினிக்குக் கட்டளையிடுபவன் சிறுவனே என்பதே இதன் அடிப்படை.

நம் நாட்டில் 1984-இல் நடுவண் அரசு ‘கிளாஸ்’ என்னும் திட்டத்தின்கீழ்ச் சுமார் 250 பள்ளிகளுக்கு ‘பி.பி.சி. மைக்ரோ’ கணினிகளை வழங்கிற்று. எனினும் அவை மேனிலை வகுப்புகளுக்கே சென்றன. மென்பொருள்களும் பெரும்பாலும் இங்கிலாந்துப் பள்ளிகளுக்கென எழுதப்பட்டவையே. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் நினைக்கப்படவில்லை.

1999-இல் சுகதா மித்ரா என்பார் தில்லி கல்காஜியில் சுவர் ஒன்றில் கணினியைப் பதித்து வைத்தார். அருகிலிருந்த ஏழைச் சிறுவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்து, அதை இயக்கக் கற்றுக்கொண்டனர். எனினும் பிற்காலத்தில் இத்தகைய மையங்கள் சில, பேணுவாரின்றிக் கைவிடப்பட்டன. பிள்ளைகளின் ஆர்வம் பெரிதே ஆயினும், வழிகாட்டும் பெரியவர்களின்றி அது நிலைப்பதில்லை என்பதை இது உணர்த்துகின்றது.

அதே 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டின் பயனாகத் ‘தமிழ்99’ விசைப்பலகை உருவாயிற்று. உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலப்புறமும் அமைந்தன. அ, ம, ம, ஆ என நான்கு விசைகளைத் தட்டினால் ‘அம்மா’ என வரும். புள்ளியைக் கணினியே இட்டுக்கொள்ளும். உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆகும் எனப் பிள்ளைகள் தொடக்க வகுப்பில் கற்கும் பாடமே இங்கு விசைப்பலகையாயிற்று. ஆங்கிலம் அறியாத பிள்ளையும் கணினியில் தன் பெயரை எழுத இது வழிவகுத்தது.

2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி, அடுத்து வந்த ஆண்டுகளில் 50 இலட்சத்திற்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை வழங்கிற்று. அவையும் மேனிலை, கல்லூரி மாணவர்களையே சென்றடைந்தன. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறைகள் பரவலாக அமைக்கப்பட்டதோ 2024-ஆம் ஆண்டு வாக்கில்தான். மேல் வகுப்பில் தொடங்கிய கணினிக் கல்வி கீழ் வகுப்பை வந்தடைய ஏறத்தாழ 40 ஆண்டுகள் சென்றுவிட்டன.

இதற்கிடையில் கைப்பேசி நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. வெளிநாட்டில் உழைக்கும் தந்தையின் முகத்தை அதில் காணும் பிள்ளை, காணொளிகளை விரலால் தள்ளிக்கொண்டே செல்லவும் அறியும்; தந்தைக்குத் தமிழில் நான்கு வரி எழுத அறியாது. பார்ப்பது வேறு, படைப்பது வேறு. முன்னது பழக்கம், பின்னதே கல்வி.

ஆதலால் ஜமாஅத்தார்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே: கணினி வாங்கப் பொருள் திரட்டுமுன், கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரைத் தேடுவோம். நம் பட்டதாரி இளைஞர்களும் பெண்மக்களும் வாரத்திற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினாலே போதும். முதற்பாடமாகப் பிள்ளை தன் பெயரைத் தமிழில் தட்டட்டும். அடுத்து ஒரு சதுரம் வரையட்டும். பொருள் செலவின்றி இன்றே தொடங்கத்தக்க பணி இது. இன்னுமொரு தலைமுறையைக் காத்திருக்க வைத்தல் தகாது.