ஒப்புமையும் வேற்றுமையும்: மேலகரத்து இரு நூல்கள்

இரு பொருளை ஒருங்கு வைத்து ஆராய்ந்து கட்டுரை எழுதப் புகுவார் முதற்கண் அறியற்பாலது, அவற்றை ஒருங்கு வைத்தற்குரிய பொதுமை யாது என்பதேயாம். பொதுமை இல்வழி வேற்றுமை கூறுதல் பயனின்று. யானைக்கும் ஏரிக்கும் வேற்றுமை கூறி நூல் செய்வார் ஒருவரும் இலர். பொதுமையே கூறி ஒழியினும் பயனின்று. ஒன்றைக் கூறவே மற்றையதும் அடங்குமாதலின்.

இந்நெறி தமிழிற்குப் புதிதன்று. தண்டியலங்காரம், ஒப்புடைய இரு பொருளையே முன்னர்க் கொண்டு பின்னர் அவற்றைப் பிரித்துக் காட்டுதலை வேற்றுமையணி என்றது. 13-ஆம் நூற்றாண்டில் விளங்கிய அருணந்தி சிவாசாரியர், சிவஞான சித்தியார் அளவையியலில், ஒரு பொருள் தன் இனத்தோடு ஒத்து நிற்பதைப் பொதுவியல்பு எனவும், அவ்வினத்தினின்றும் பிரிந்து தனித்து நிற்பதைத் தன்னியல்பு எனவும் பகுத்தனர். அவரே பரபக்கத்துள், 14 மதத்தார் கொள்கைகளை அவரவர் கூற்றாகவே முன்வைத்துப் பின்னர் மறுத்தனர். பிறர் கொள்கையைக் குறைத்துக் கூறி அதனை வெல்லுதல் வெற்றியாகாமையின் என்க.

இனி, இதனை ஓர் எடுத்துக்காட்டான் விளக்குதும். தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடைப்பட்டது மேலகரம். அவ்வூரிற் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய நூல்களுள் திருக்குற்றாலத் தலபுராணமும் திருக்குற்றாலக் குறவஞ்சியும் தலைசிறந்தன. 1706 முதல் 1732 வரை மதுரையை ஆண்ட முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் குறவஞ்சியை வியந்து நிலம் வழங்கினார். அது ‘குறவஞ்சி மேடு’ எனப் பெயர் பெற்றது. அதுபற்றிப் பரிசு பெற்ற நூலே சிறந்தது என்பாரும் உளர். புராணமே சாத்திரத்தோடு ஒத்தது, குறவஞ்சி வெறுங் களியாட்டு என்பாரும் உளர். இவ்விருவரும் ஒரு நூலின் அளவுகோலால் மற்றொரு நூலை அளந்தவராவர்; நெல் அளக்கும் மரக்காலால் ஆடை அளப்பாரை ஒப்பர்.

நடுவுநின்று நோக்குவார் பொதுமையை முன்னர்க் கூறுவர். ஆசிரியர் ஒருவர், தலம் ஒன்று, பாட்டுடைத் தலைவர் குற்றாலநாதர் ஒருவரே. பின்னர், இடம், காலம், கேட்போர் எனப் பொருள்தோறும் இரண்டனையும் அடுத்தடுத்து வைப்பர். ஒரு நூலை முற்றக் கூறிய பின்னரே மற்றையதைத் தொடங்கின், படிப்போர் முன்னதை மறத்தல் கூடும்.

அங்ஙனம் வைத்து நோக்குழி, புராணம் தலத்தின் தொன்மையைப் பேசுகின்றது. திருமால் திருமேனியை அகத்தியர் சிவலிங்கமாக்கிய வரலாறு அத்தலத்திற்குரியது. குறவஞ்சியோ அத்தலத்தைக் கவிராயர் வாழ்நாளிற் காட்டுகின்றது; வடகரைச் சின்னணஞ்சாத் தேவர் அதன்கண் பேசப்படுகின்றார்; சிங்கன் பறவை பிடிக்கும் வயல்கள் பெயர் சுட்டப்படுகின்றன. புராணம் முனிவரும் தேவரும் வணங்கிய மலையைக் காட்ட, குறவஞ்சி அதே மலையைத் தன் மலையென உரிமை பாராட்டும் குறத்தியின் வாயிற் காட்டுகின்றது. முன்னது கற்றோர் இருந்து கேட்பது. பின்னது ஆடியும் பாடியும் யாவரும் கேட்பது.

இவ்வேற்றுமைகளை அடுக்கி விடுதலோடு ஆராய்ச்சி முற்றுப்பெறாது. ஒருவரே இரண்டும் பாடியது எற்றுக்கு என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. தொன்மையான் மட்டும் அறியப்படும் இறைவன் சேய்மையனாகத் தோன்றுவான். அண்மையான் மட்டும் அறியப்படுபவன் எளிமையே உடையவனாகத் தோன்றுவான். சேயனும் அணியனுமாகிய ஒருவனையே இரு நூலும் இரு முகத்தாற் காட்டின. வசந்தவல்லி குற்றாலநாதர்பாற் கொண்ட வேட்கை, புராணத்து முனிவர் கொண்ட பத்தியின் வேறாவதன்று. நின்ற நிலையே வேறு.

ஆகலின், ஒப்பிடுதலின் பயன் ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்துதல் அன்று. ஒன்றைத் தனியே நோக்குழிப் புலப்படாததொன்றை இரண்டனையும் ஒருங்கு நோக்கிக் காண்டலேயாம் என்பது கடைப்பிடிக்க.