மன இறுக்கத் தலைவலிக்கான ஓமியோபதி மருத்துவம்

மன இறுக்கத் தலைவலிக்கான ஓமியோபதி மருத்துவம் என்பது, வேலைச்சுமை, துக்கம், அச்சம், உறக்கக்குறைவு முதலியவற்றால் தோன்றும் அல்லது மிகும் தலைவலிக்கு, நோயாளியின் உடற்குறிகளையும் மனக்குறிகளையும் ஒருசேரக் கருதி, மிகவும் நீர்த்த மருந்துகளைத் தேர்ந்து கொடுக்கும் முறையாகும். இந்தியாவில் இம்முறை சட்ட ஏற்புப் பெற்றுப் பரவலாக வழங்கிவந்தாலும், இதன் மருந்துகள் போலிமருந்தை, அதாவது மருந்துப் பொருள் எதுவும் சேராத சர்க்கரை உருண்டையை, விடக் கூடுதலான பயன் தருகின்றன என்பதற்கு நம்பத்தக்க ஆய்வுச் சான்று இல்லை.

நோயின் இயல்பு

பன்னாட்டுத் தலைவலி வகைப்பாட்டின்படி, இறுக்கவகைத் தலைவலி என்பது தலையின் இருபுறமும் பரவி, பட்டை கட்டி இறுக்கியது போன்ற அழுத்தமாக உணரப்படுவதும், மெலிதாகவோ நடுத்தரமாகவோ இருந்து, 30 நிமிடம் முதல் 7 நாள் வரை நீடிப்பதும் ஆகும். நடப்பதாலும் படியேறுவதாலும் இது மிகுவதில்லை, வாந்தி உண்டாவதில்லை. இவ்வியல்புகளாலேயே இது ஒற்றைத் தலைவலி எனப்படும் மைக்ரேனிலிருந்து வேறுபடுகிறது. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, 3 மாதங்களுக்கு மேலாகத் தொடர்ந்து வருமாயின் அது நாட்பட்ட வகையில் அடங்கும். கழுத்து, தோள், உச்சித் தசைகளின் இறுக்கமும், நரம்பு மண்டலம் வலியை மிகுத்துணரும் நிலையும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

சித்திரை, வைகாசி வெயிலில் வேலை செய்வோருக்கு வெப்பமும் நீரிழப்பும் தாமே தலைவலியை உண்டாக்கக்கூடும் என்பதால், மன அழுத்தமே காரணம் என்று முடிவு செய்வதற்கு முன் இவற்றையும், பசி, பார்வைக்குறை, குருதி அழுத்தம் ஆகியவற்றையும் ஆராய்ந்து பார்ப்பது இன்றியமையாதது.

வரலாறு

ஓமியோபதியை வகுத்தவர் ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹானிமன் (1755–1843). உடல்நலமுள்ளவரிடம் எக்குறிகளை ஒரு பொருள் உண்டாக்குகிறதோ, அக்குறிகளை உடைய நோயை அப்பொருளே தீர்க்கும் என்னும் கருத்தை 1796இல் வெளியிட்ட அவர், 1810இல் ஆர்கனான் என்னும் நூலில் அதை விரிவாக்கினார். தமிழகத்தில் இம்முறை தஞ்சாவூரின் வழியாக நுழைந்தது. மராட்டிய மன்னர்கள் ஆண்டுவந்த அந்நகரில், ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர் சாமுவேல் புரூக்கிங் 1847இல் ஓர் ஓமியோபதி மருத்துவமனையை நிறுவினார்.

நோயறியும் முறை

ஓமியோபதியில் தலைவலிக்கென்று பொதுவான ஒரு மருந்து இல்லை. வலி எந்த இடத்தில் தொடங்குகிறது, எந்நேரத்தில் மிகுகிறது, வெயில், ஓசை, அசைவு, உணவு ஆகியவற்றால் கூடுகிறதா குறைகிறதா என்று மருத்துவர் வினவுவதோடு, நோயாளியின் சினம், அழுகை, அச்சம், உறக்கம், கனவு, உணவு விருப்பு ஆகியவற்றையும் கேட்டறிகிறார். இவ்வாறு திரட்டிய குறிகளை ரெபர்ட்டரி எனப்படும் குறித்தொகை நூலோடு ஒப்பிட்டு, மிகுதியாகப் பொருந்தும் ஒரு மருந்தைத் தேர்ந்தெடுப்பதே மரபுமுறை ஓமியோபதியின் வழக்கமாகும்.

வழங்கப்படும் மருந்துகள்

நக்ஸ் வாமிகா, எட்டி மரத்தின் விதையிலிருந்து செய்யப்படுவது. இம்மரம் தமிழகத்தின் கிழக்குச் சமவெளிக் காடுகளில் இயல்பாக வளர்வதாகும். உட்கார்ந்தே வேலை செய்து, காப்பியும் கண்விழிப்பும் மிகுந்து, எளிதில் சினம் கொள்வோரின் தலைவலிக்கு இம்மருந்து குறிக்கப்படுகிறது. எட்டியின் இனத்தைச் சேர்ந்த, பிலிப்பைன்ஸ் நாட்டுக் கொடியொன்றின் விதையிலிருந்து பெறப்படும் இக்னேஷியா, அண்மைத் துயரத்தை அடக்கிக்கொண்டவர்களுக்கும், சமையல் உப்பிலிருந்து செய்யப்படும் நேட்ரம் மூர், பழைய துயரத்தை மனத்துள் வைத்திருப்போருக்கும் உரியவையாகக் கருதப்படுகின்றன. தேர்வு, மேடைப்பேச்சு போன்றவற்றை எண்ணி அஞ்சுவதால், பிடரியில் தொடங்கித் தலைமுழுவதும் பரவும் பாரத்திற்கு ஜெல்சீமியமும், சிறு அசைவாலும் மிகும் வலிக்குப் பிரையோனியாவும், வெயிலால் பொட்டு தெறிக்கும் வலிக்கு, நைட்ரோகிளிசரினிலிருந்து செய்யப்படும் குளோனாயினும் கொடுக்கப்படுவதுண்டு. இப்பொருத்தங்கள் யாவும் ஓமியோபதி மருந்து நூல்கள் கூறுபவையே. மருத்துவ ஆய்வுகள் நிறுவியவை அல்ல.

வீரியப்படுத்தல்

மூலக்கரைசலின் ஒரு பங்கை 99 பங்கு நீரிலோ சாராயத்திலோ கலந்து வேகமாகக் குலுக்கி, அதில் ஒரு பங்கை எடுத்து மீண்டும் அவ்வாறே செய்வதை ஓமியோபதியினர் வீரியப்படுத்தல் என்பர். இதை 30 முறை செய்தது 30சி எனப்படும். அதில் மூலப்பொருள் 1க்குப் பின் 60 சுழிகள் இட்ட எண்ணின் ஒரு பங்காகக் குறைகிறது. வேதியியலின்படி, 12சி நிலையைத் தாண்டியபின் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறேனும் எஞ்சியிருக்கும் வாய்ப்பு மிகவும் அரிது. நீர்த்தல் மிகமிக ஆற்றல் கூடும் என்னும் கொள்கையை அறிவியலாளர்கள் ஏற்காததற்கு இதுவே முதன்மைக் காரணம்.

ஆய்வுச் சான்றுகள்

நாட்பட்ட தலைவலியுடைய 98 பேரிடம் நடத்தப்பட்டு, 1997இல் செஃபலால்ஜியா என்னும் தலைவலி ஆய்விதழில் வெளியான ஜெர்மானிய ஆய்வு இத்துறையில் குறிப்பிடத்தக்கது. ஒவ்வொருவருக்கும் மரபுமுறைப்படி தனித்தனியே மருந்து தேர்ந்து, 12 வாரம் சிகிச்சை அளித்த அவ்வாய்வில், மருந்து பெற்றோருக்கும் போலிமருந்து பெற்றோருக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆஸ்திரேலியாவின் தேசிய உடல்நல, மருத்துவ ஆய்வு மன்றம் 2015இல் வெளியிட்ட அறிக்கையும், எந்த நோய்க்கும் ஓமியோபதி பயனளிப்பதாக நம்பத்தக்க சான்று இல்லை என்று முடிவுரைத்தது. இருப்பினும் நோயாளிகள் பலர் தேறுவதாகக் கூறுவதற்கு, இத்தலைவலி தானே கூடிக் குறையும் இயல்புடையதாக இருத்தல், நலம் பெறுவோம் என்னும் எதிர்பார்ப்பு, நெடுநேர உரையாடலால் கிட்டும் ஆறுதல் ஆகியவை விளக்கமாகத் தரப்படுகின்றன. அவ்வுரையாடலில் வெளிப்படும் உறக்கக்கேடு, உணவு தவறுதல், குடும்பப் பூசல் போன்ற காரணங்கள், எந்த முறை மருத்துவருக்கும் பயன்படும் செய்திகளாகும்.

சட்டநிலை

இந்தியாவில் இம்மருத்துவத்தை முறைப்படுத்த 1973இல் ஓமியோபதி மத்திய மன்றச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு மாற்றாக 2020இல் தேசிய ஓமியோபதி ஆணையச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் மதுரை மாவட்டத் திருமங்கலத்தில் அரசு ஓமியோபதி மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஓமியோபதி இளநிலைப் பட்டப்படிப்பு, ஓராண்டு உறைவிடப் பயிற்சி உட்பட ஐந்தரை ஆண்டுகள் கொண்டது.

பாதுகாப்பு

மிகவும் நீர்த்த மருந்துகளால் நேரடித் தீங்கு அரிதெனினும், எட்டியில் ஸ்டிரிக்னின் என்னும் கொடிய நஞ்சு இருப்பதால் அதன் மூலக்கரைசலையும் குறைந்த வீரிய மருந்துகளையும் தாமாக வாங்கி உண்பது இடர் தரும். உரிய சிகிச்சை தாமதமாவதே பெரிய தீங்காகும். இடி விழுந்தாற்போல் திடீரெனத் தோன்றும் கடும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், தலைக்காயத்திற்குப் பின் வரும் வலி, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தோன்றும் வலி ஆகியவற்றுக்கு உடனே மருத்துவமனையை நாட வேண்டும். வலிநீக்கி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ உண்பதும் தலைவலியை நிலைபெறச் செய்யும் என்பதால், நாட்பட்ட நிலையில் தளர்வுப் பயிற்சி, ஒழுங்கான உறக்கம், தேவைப்படின் மருத்துவர் பரிந்துரைக்கும் அமிட்ரிப்டிலின் போன்ற தடுப்பு மருந்து ஆகியவை நவீன மருத்துவத்தில் கைக்கொள்ளப்படுகின்றன.