தாக்கக் காரணி

‘தாக்கு’ என்ற வினையடியிலிருந்து வந்தது தாக்கம். திருக்குறளில், பின்வாங்கிப் பாயும் ஆட்டுக்கடாவைச் சொல்லுமிடத்தில் இவ்வினை முட்டுதலைக் குறிக்கிறது. விளைவு, செல்வாக்கு என்ற பொருள்கள் பிறகு விரிந்தவை. ‘காரணி’ வடமொழிக் ‘காரண’த்தின் வழி வந்தது, கணக்குப் பாடத்தில் நாம் படித்த அதே காரணிதான்.

ஆய்வுலகில் தாக்கக் காரணி என்பது ஆய்விதழுக்கான அளவு. ஓர் இதழ் 2021, 2022-இல் 100 கட்டுரைகள் வெளியிட்டு, அவை 2023-இல் 300 முறை மேற்கோள் காட்டப்பட்டால், அவ்வாண்டின் தாக்கக் காரணி 3. இக்கருத்தை யூஜீன் கார்ஃபீல்டு 1955-இல் முன்வைத்தார். நூலகங்கள் இதழ்களைத் தேர்ந்து வாங்க இது உதவியது. அந்த அளவில் நல்ல கருவிதான்.

பல்கலைக்கழக நிர்வாகம் இதைக் கொண்டு ஆளை அளக்கும்போதுதான் கோளாறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளில், கட்டுரை வந்த இதழின் காரணி 1-க்குக் கீழ் என்றால் 10 கூடுதல் புள்ளி. 10-க்கு மேல் என்றால் 30. ஆனால் மேற்சொன்ன 3 என்பது வெறும் சராசரி. அந்த 300 மேற்கோள்களில் பெரும்பகுதியைச் சில கட்டுரைகளே ஈட்டியிருக்கும். ஒருமுறைகூட மேற்கோளாகாத கட்டுரையும் அதே இதழில் இருக்கும். அதை எழுதியவருக்கும் அதே புள்ளிதான். கட்டுரையைப் படிக்காமலே பதவி உயர்வு முடிவாகிவிடுகிறது. இது ஆய்வாளருக்குச் செய்யும் அநீதி. பணியமர்த்தலில் இந்த அளவைக் கைவிடச் சொல்லும் சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் 2012-இல் உருவானது அதனால்தான்.