குரோசு கணக்கும் பாயின்ட் கணக்கும்



"டீச்சர், கேம் விளையாடினா, சர்வே நிரப்பினா பணம் தர்ற ஆப்பெல்லாம் நிஜமா? சேரலாமா?" என்று இந்த மாதம் நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். ஆளுக்கொரு பதில் எழுதுவதைவிட இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

எண்ணிக்கைக்குக் கூலி வாங்குவது நம் பக்கத்து ஆட்களுக்குப் புதிதே இல்லை. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து, 1923இல் ஊரில் தொடங்கினார்கள். அதே காலத்தில்தான் சுவீடன்காரர்களின் விம்கோ கம்பெனி இயந்திரங்களோடு இந்தியாவுக்குள் இறங்கியது. இயந்திரத்தோடு நம் ஊர் மல்லுக்கு நின்றது வெறும் கையால். மழை பொய்க்கிற கரிசல் பூமி, காட்டு வேலை இல்லாத மாதங்கள், சும்மா இருந்த கைகள். கைத்தயாரிப்புக்கு அரசு உற்பத்தி வரியைக் குறைத்துப் போட்டதும் உதவியது.

அந்தக் கைகளுக்கு நாள் சம்பளம் கிடையாது. தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கினால் கட்டைக்கு இவ்வளவு. வீட்டில் பெட்டி ஒட்டினால் குரோசுக்கு இவ்வளவு. ஒரு குரோசு என்றால் 144 பெட்டி. உங்களில் பாதிப் பேருக்கு வாய்ப்பாட்டில் பன்னிரண்டு பன்னிரண்டு நூற்று நாற்பத்து நான்கு வருவதற்கு முன்பே இந்தக் கணக்கு தெரியும்.

அந்தக் கூலியில் எதெல்லாம் சேராது என்று உங்கள் அம்மாவையோ அப்பத்தாவையோ கேட்டுப் பாருங்கள். ஏஜென்ட் வீட்டுக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்த நேரம் சேராது. பசை காய்ச்சிய நேரம், வெயிலில் காயவைத்து மழை வந்தால் ஓடி அள்ளிய நேரம், திருப்பிக் கொடுக்க வரிசையில் நின்ற நேரம், எதுவும் சேராது. நசுங்கிய பெட்டியைக் கழித்துவிடுவார்கள். ஒட்டிக் கொடுத்து எண்ணிக்கையில் தேறியதற்கு மட்டும்தான் காசு. மூன்று மணி நேர வேலை என்று நினைத்தது ஐந்து மணி நேரமாக இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. எண்ணிக்கைக் கூலி, வேலை செய்தது யாருடைய விரல் என்று கேட்பதில்லை. அதனால்தான் பிள்ளைகளின் விரல் உள்ளே வந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசியை வைத்துத் தொடங்கிய எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று சொன்னது. வகுப்பில் காலி பெஞ்சுகளைப் பார்த்த என்னைப் போன்றவர்களுக்கு அந்தத் தீர்ப்பு வெறும் செய்தி இல்லை.

இப்போது போனுக்கு வருவோம். 2005இல் அமேசான் கம்பெனி 'மெக்கானிக்கல் டர்க்' என்று ஒன்றைத் தொடங்கியது. படத்துக்குப் பெயர் எழுதுவது, சர்வே நிரப்புவது போன்ற துண்டு துண்டான வேலைகளை உலகம் முழுக்க ஆட்கள் வீட்டிலிருந்தே செய்தார்கள். பெயரைக் கவனியுங்கள். 1770இல் ஐரோப்பாவில் ஒருவர் தானாகச் சதுரங்கம் ஆடும் பொம்மை என்று ஒன்றைக் காட்டினார். உள்ளே ஒரு மனிதன் ஒளிந்திருந்தான்! அந்தப் பொம்மையின் பெயரைத்தான் வைத்தார்கள். 2018இல் வெளியான ஓர் ஆய்வு, 2,676 பேர் செய்த 38 லட்சம் துண்டு வேலைகளை எடுத்துக் கணக்குப் போட்டது. பாதிப் பேருக்கு மணிக்குச் சுமார் 2 டாலருக்கும் கீழேதான் தேறியது. அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலருக்கு மேல் சம்பாதித்தவர்கள் நூற்றுக்கு 4 பேர். காரணம் என்ன? வேலை தேடிய நேரத்துக்குக் காசில்லை. செய்து கொடுத்ததைக் கழித்துவிட்டால் காசில்லை. பசை காய்ச்சின கதைதான்.

நிஜமான ரிவார்டு ஆப்களும் இருக்கின்றன. அவற்றுக்குப் பணம் வரும் வழி தெளிவானது. புது கேம் வெளியிடுகிறவன், ஆள் பிடித்துத் தருவதற்கு ஆப்புக்குக் கமிஷன் தருகிறான். அதில் ஒரு துளி உங்களுக்கு வரும். சர்வேயில் உங்கள் வயது, வருமானம், என்ன சோப்பு வாங்குகிறீர்கள் என்பதுதான் சரக்கு. பாதி கேள்வி கேட்டுவிட்டு "நீங்கள் இந்தச் சர்வேக்குத் தகுதி பெறவில்லை" என்று அனுப்பிவிடுவார்கள். சொன்ன விவரம் போனது போனதுதான். பாயின்ட் இவ்வளவு சேர்ந்தால்தான் எடுக்க முடியும் என்று ஒரு வரம்பு வேறு. அதற்குள் பலர் சலித்து விட்டுவிடுவார்கள், மிச்சம் அவர்களுக்கு. கூகுள் நடத்தும் சர்வே ஆப் நம் நாட்டில் ரொக்கம்கூடத் தருவதில்லை, பிளே ஸ்டோரில் செலவழிக்கத்தான் தருகிறது. கல்லூரிப் பிள்ளை பஸ்ஸில் போகும்போது செய்தால் செய்துகொள்ளட்டும். குடும்பச் செலவுக்கு இதை நம்பாதீர்கள்.

என் பயம் இதைப் பற்றி இல்லை. முதலில் பணம் கட்டச் சொல்கிறதைப் பற்றித்தான்.

2010இல் 'ஸ்பீக் ஏசியா' என்று ஒன்று வந்தது. 11,000 ரூபாய் கட்டினால் வாரம் இரண்டு சர்வே, ஒன்றுக்கு 500 ரூபாய். வருடத்துக்கு 52,000 ஆகிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் பெருக்கிவிடும். ஆனால் அந்த 52,000 யார் வீட்டுப் பணம் என்று கேட்டவர்கள் குறைவு. 2011இல் மும்பைப் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் போட்டது. போலீஸ் கணக்கில் சுமார் 24 லட்சம் பேர், 2,200 கோடிக்கு மேல். சேர்ந்தவர் இன்னும் ஆள் சேர்த்தால் கமிஷன் உண்டு. பின்னால் வந்தவர் பணம் முன்னால் வந்தவருக்குக் கூலியாகப் போனது என்பதுதான் குற்றச்சாட்டு. தீப்பெட்டியை ஒருவரும் வாங்காமல், குரோசுக்குக் கூலி மட்டும் கொடுக்கிற ஆபீஸ் எத்தனை வாரம் நடக்கும்?

அடுத்தது நம் கோயம்புத்தூரிலேயே. 'மை வி3 ஆட்ஸ்' ஆப்பில் விளம்பரம் பார்த்தால் தினமும் காசு. கட்டும் தொகைக்கு ஏற்பத் தரம், உயர்ந்த தரத்துக்கு 1 லட்சத்துக்கும் மேல். 2024 ஜனவரியில் போலீஸ் வழக்குப் பதிந்ததும் 29ஆம் தேதி நீலாம்பூரில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். ஏமாந்தோம் என்று சொல்ல இல்லை, கம்பெனிக்கு ஆதரவாக! வழக்கு எப்படி முடியுமோ, அது நீதிமன்றத்தின் வேலை. அந்தக் கூட்டத்தை என்னால் கேலி செய்ய முடியவில்லை. கட்டியது வருமா என்ற பயம், தான் சேர்த்துவிட்ட அக்கா தங்கைகள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம், இரண்டும் அதில் இருந்தன.

நம் ஊரில் ஏஜென்ட் செய்த அநியாயங்கள் உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த ஏஜென்ட்கூட, குடும்பத்தைக் கட்டிப்போட அவன்தான் முன்பணம் கொடுப்பான். வேலை செய்ய வருகிறவளிடம் முன்பணம் கேட்டதில்லை. காசு கட்டி விளையாடும் ஆட்டங்களுக்கு 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றமே தடைச் சட்டம் நிறைவேற்றிவிட்டது. கேம் என்று எவனாவது பணம் கேட்டால் பேச்சே வேண்டாம்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் இருந்தால் வீட்டில் மறைக்காதீர்கள். பணம் அனுப்பிய ரசீது, மெசேஜ், சேர்த்துவிட்டவர் நம்பர் எதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு 1930க்கு உடனே போன் போடுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பேசத் தயக்கமாக இருந்தால் எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள், கூட உட்கார்ந்து புகார் எழுதித் தருகிறேன்.