எடை மெஷினை வாசலில் வைத்தது யார்?

நம் ஊர் ரயில்வே பிளாட்பாரங்களில் கலர் பல்பு மினுக்கும் எடை மெஷின் ஒன்று நின்றிருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? காசு போட்டால் 'கடக்' என்று ஓர் அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் சினிமா நட்சத்திரமோ ஜோசியமோ. எடையை யாரும் நம்பியதில்லை, ஜோசியத்தைத்தான் நம்பினோம். அப்போதெல்லாம் எடை என்பது ஒரு வேடிக்கை.

இன்றைக்குக் காது வலி என்று டாக்டரிடம் போனாலும் நர்ஸ் முதலில் எடை மெஷினைத்தான் காட்டுகிறார். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நோண்டப் போனால், கதை மருத்துவக் கல்லூரியில் ஆரம்பிக்கவில்லை. நம்ம ஏரியாவுக்குப் பக்கத்துக் கட்டடமான இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஆரம்பிக்கிறது!

அதற்கும் முன்னால் ஒருவர் இருக்கிறார். பெல்ஜியத்துக்காரர் அடோல்ஃப் கெட்லே, வானியலும் புள்ளியியலும் படித்தவர். 1830-களில் மனிதர்களை அளந்து, வளர்ந்தவர்களின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிப் போகிறது என்று கண்டுபிடித்தார். 'சராசரி மனிதன்' யார் என்பதுதான் அவர் தேடல். யார் குண்டு, யாருக்கு நோய் வரும் என்பதெல்லாம் அவர் கேள்வியே இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டது பாலிசி விற்றவர்கள். யார் சீக்கிரம் செத்துக் கம்பெனிக்குச் செலவு வைப்பார் என்பது அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அமெரிக்காவின் மெட்ரோபாலிட்டன் லைஃப் கம்பெனி 1942-ல் பெண்களுக்கும் 1943-ல் ஆண்களுக்கும் 'இலட்சிய எடை' அட்டவணை வெளியிட்டது. 1959-ல் அதைத் திருத்தி 'விரும்பத்தக்க எடை' என்று பெயர் மாற்றியது. லட்சக்கணக்கான பாலிசிதாரர்களின் கணக்கு அது. கவனியுங்கள், பாலிசிதாரர்கள். பிரீமியம் கட்ட வசதி இல்லாதவன் அந்தக் கணக்கில் கிடையாது. உடுப்போடும் ஷூவோடும் எடுத்த அளவு வேறு. 'சிறிய உடம்புவாகு, நடுத்தரம், பெரியது' என்று மூன்று பத்தி போட்டார்கள், ஆனால் எந்த வாகு யாருக்கு என்று அளக்க வழி சொல்லவில்லை. எங்கள் கிளையில் இப்படி ஒரு ஸ்டேட்மெண்ட் அனுப்பினால் ஆடிட்டர் விட்டுவைப்பாரா!

மார்ச் மாதக் கடைசியில் இன்ஷூரன்ஸ் டார்கெட்டுக்காக நானும் எத்தனையோ புரொபோசல் ஃபாரம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். உயரம், எடை என்று இரண்டு கட்டம் இருக்கும். பெரும்பாலும் ஒரு குத்துமதிப்புதான். ஆபத்தைக் கணக்கிட்டுப் பிரீமியம் போடுகிறவனுக்கு அந்தக் குத்துமதிப்பு போதும், ஆயிரம் பேரில் சரியாகிவிடும். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு மனுஷிக்கு அது போதுமா என்பதுதான் விஷயம்.

இன்ஷூரன்ஸ் அட்டவணை சரியில்லை என்று சொன்னவர்களில் முக்கியமானவர் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆன்செல் கீஸ். 1972-ல் அவரும் கூட்டாளிகளும் ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளை வைத்து, கெட்லேயின் பழைய சூத்திரமே தேவலை என்று முடிவுகட்டி, அதற்கு பாடி மாஸ் இண்டெக்ஸ், அதாவது பி.எம்.ஐ. என்று பெயர் வைத்தார்கள். ஆண்கள் மட்டும்தான், பெண் ஒருவர்கூடக் கிடையாது.

அப்புறம் வந்தது கோடு கிழிக்கும் விளையாட்டு. 155 செ.மீ. உயரம், 62 கிலோ உள்ள பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நம் வீடுகளில் சகஜமான கணக்குதான். பி.எம்.ஐ. 25.8. 1997-ல் அமெரிக்காவில் பெண்களுக்கு 27.3 வரை சரி என்று இருந்ததால் அவர் பாஸ். 1998-ல் கோட்டை 25-க்கு இறக்கினார்கள், கோடிக்கணக்கானோர் ஒரே நாளில் 'அதிக எடை' ஆனார்கள், இவரும் சேர்த்தி. 2004-ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசியர்களுக்கு 23-லிருந்தே கவனம் வேண்டும் என்றது. 2009-ல் இந்திய நிபுணர்கள் 25-க்கு மேல் 'உடல் பருமன்' என்று தீர்மானித்தார்கள். ஒரு கிராம்கூட ஏறாமல் மூன்று வகுப்பு மாறிவிட்டார் அந்த அம்மா.

இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வந்துவிடுகிறது, இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது. அதனால்தான் கோடு இறங்கியது. எடைக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கோடு எச்சரிக்கைக்காகப் போட்டது. அதைத் தீர்ப்பாக வாசிக்கும்போதுதான் வம்பு.

இங்கே கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் நம்மவர்கள் நிறையப் பேர் உண்டு. அங்கே எங்களுக்குத் தெரிந்த அக்கா ஒருவர், முழங்கால் வலி என்று ஒரு மருத்துவமனைக்குப் போனார். கால் பக்கம் யாரும் பார்க்கவில்லை. 'பத்து கிலோ குறைத்துவிட்டு வாருங்கள்' என்றார்கள். அதன்பிறகு இரண்டு வருஷம் அந்த அக்கா எந்த டாக்டரிடமும் போகவில்லை, காய்ச்சலுக்குக்கூட. 'போனா முதல்ல மெஷின்ல ஏத்துவாங்கடா தம்பி' என்பார். இதுதான் என்னை இந்த விஷயத்தில் உட்காரவைத்தது. கடைசியில் அவர் படியேறியது ஓர் அக்குபஞ்சர் கிளினிக்கில். அங்கே எடை மெஷின் இல்லை. நாக்கை நீட்டச் சொன்னார்கள், நாடி பார்த்தார்கள், தூக்கம் எப்படி, தாகம் எப்படி, பசிக்கிறதா என்று கேட்டார்கள்.

இந்தக் கேள்விகளுக்கு வயது அதிகம். மிங் வம்சத்து வைத்தியர் சாங் ஜியேபின் (1563-1640), நோயாளியிடம் கேட்க வேண்டிய பத்து கேள்விகளைத் தொகுத்தார். குளிரா சூடா, வியர்வை, மலஜலம், சாப்பாடு, தாகம் என்று போகும். தராசு அதில் வராது.

சீனத்து ஊசி கொல்கத்தாவுக்கு வந்த கதை இன்னும் சுவாரசியம். 1938-ல் ஜப்பானோடு போராடிக்கொண்டிருந்த சீனாவுக்குக் காங்கிரஸ் ஐந்து டாக்டர்களை அனுப்பியது. அட்டல், சோல்கர், கோட்னிஸ், முகர்ஜி, பாசு. சோலாப்பூர்க்காரரான துவாரகாநாத் கோட்னிஸ் 1942-ல் சீனாவிலேயே காலமானார். சாந்தாராம் அவரைப் பற்றி 1946-ல் படமே எடுத்தார். பிஜய் குமார் பாசு திரும்பி வந்தவர். 1958-ல் மறுபடி சீனா போய் அக்குபஞ்சர் கற்று, 1959-லிருந்து கொல்கத்தாவில் செய்யத் தொடங்கினார். இந்தியாவில் இந்த வைத்தியம் பரவியதற்கு அவர்தான் மூலம். 1996-ல் மேற்கு வங்கம் அக்குபஞ்சருக்குத் தனிச் சட்டமே போட்டது.

ஆனால் ஊசியும் தராசிடமிருந்து தப்பவில்லை. பிரான்சில் பால் நோஜியே என்ற டாக்டர் 1950-களில் காது மடலில் உடம்பின் வரைபடத்தையே போட்டார். 1971-ல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பீகிங்கில் குடல்வால் ஆபரேஷனுக்குப் பின் தனக்கு ஊசி போட்டதை எழுத, 1972-ல் நிக்சன் சீனா போக, அமெரிக்காவில் அக்குபஞ்சர் மோகம் பிடித்தது. சில வருஷத்தில் 'காதில் ஸ்டேப்பிள் அடித்தால் பசி அடங்கும், உடம்பு இளைக்கும்' என்று கடை விரித்துவிட்டார்கள். வலிக்காவது அக்குபஞ்சரில் ஓரளவு பலன் உண்டு என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. இளைப்பதற்கு உறுதியான சான்று இல்லை. நம் ஊரில் 'ஊசியால் தொப்பை குறைப்பு' போர்டு பார்த்தால் நகர்ந்துவிடுவது உத்தமம்.

இதற்கு எதிர்வினையாகத்தான் அமெரிக்காவில் சில அக்குபஞ்சர்காரர்கள் 'எந்த உடம்போடு வந்தாலும் அந்த உடம்புக்கு வைத்தியம்' என்று அறிவிக்கிறார்கள். புதிதாக வருபவரை எடை பார்ப்பதில்லை, டயட் சார்ட் கொடுப்பதில்லை. பசியறிந்து சாப்பிடப் பழக்குகிறார்கள். இந்த எண்ணத்துக்கு முன்னோடி 1969-ல் பில் ஃபேப்ரி என்ற பொறியாளர் நியூயார்க்கில் தொடங்கிய சங்கம். பருமனான தன் மனைவியை உலகம் நடத்திய விதம் பொறுக்காமல் ஆரம்பித்தார்.

பசி என்றதும் மறுபடி ஆன்செல் கீஸ் வருகிறார், ஆச்சரியம் பாருங்கள்! பி.எம்.ஐ.-க்குப் பெயர் வைப்பதற்கு முன்பே, 1944-45-ல், அதே மின்னசோட்டாவில் அவர் செய்த சோதனை ஒன்று உண்டு. போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். ஐரோப்பாவில் பட்டினி கிடந்தவர்களை எப்படித் தேற்றுவது என்று தெரிந்துகொள்ள, 24 வாரம் அவர்களுக்குத் தினம் சராசரி 1,570 கலோரிதான். உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. எடையில் கால்வாசி போனது. அதைவிட முக்கியம், மனசு போனது. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களைக் கதைப் புத்தகம் மாதிரிப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள். மறுபடி வேண்டிய மட்டும் சாப்பாடு கிடைத்தபோது வயிறு நிறைந்தும் பசி அடங்காமல் சிலர் தவித்தார்கள். 1950-ல் இரண்டு பெரிய தொகுதிகளாக அது வெளியானது.

நம் வீட்டுப் பெண்கள் பத்திரிகையிலிருந்து கிழித்து ஃபிரிட்ஜில் ஒட்டும் சார்ட்டில் எவ்வளவு போட்டிருக்கும்? 1,200 கலோரி! ராத்திரி பதினோரு மணிக்கு முறுக்கு டப்பா திறக்கும் சத்தம் கேட்டால் 'கட்டுப்பாடே இல்லை' என்று சிரிக்கிறோம். அந்த 36 பேரும் உடலும் மனமும் திடமானவர்கள் என்று சோதித்துப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள்.

1995-ல் எவலின் டிரிபோல், எலிஸ் ரெஷ் என்ற இரண்டு அமெரிக்க உணவு ஆலோசகர்கள் 'இன்ட்யூட்டிவ் ஈட்டிங்' என்ற புத்தகம் எழுதினார்கள். பட்டியல் கொடுத்து இளைக்கவைத்தவர்கள் மறுபடி பெருத்து, தங்களையே திட்டிக்கொண்டு திரும்பி வருவதைப் பார்த்துச் சலித்தவர்கள். பசியை மதி, போதும் என்று வயிறு சொல்வதைக் கேள், எந்தச் சாப்பாட்டையும் பாவம் என்று நினைக்காதே என்று பத்து கொள்கைகள். சத்துக் கணக்கு கடைசிக் கொள்கை. 'இதைத்தான் வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் சொல்லிவிட்டாரே' என்று யாராவது கிளம்புவீர்கள். பசித்துச் சாப்பிடு என்பது வரை சரி. ஆனால் அளவையும் விலக்கையும் அவர் கண்டிப்பாகச் சொல்கிறார், இவர்கள் முதலில் பயத்தை எடுக்கச் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றில்லை.

2023-ல் அமெரிக்க மருத்துவச் சங்கமே பி.எம்.ஐ.-யை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது, இடுப்பளவு, வளர்சிதை மாற்றக் காரணிகள் எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது.

கொசுறு: அக்குபஞ்சர் போகிறவர்கள் பதிவு பெற்றவரா, ஊசி ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கோ தைராய்டுக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை நிறுத்த வேண்டாம். இன்சுலின் போடுபவர்கள் சாப்பாட்டு நேரத்தை மாற்றுமுன் டாக்டரிடம் பேசுங்கள். மெஷினில் ஏற விருப்பமில்லை என்றால் 'இன்னைக்கு வேண்டாம் சிஸ்டர்' என்று சொல்லலாம். மருந்தளவுக்கோ மயக்க மருந்துக்கோ தேவைப்பட்டால் அவர்களே காரணம் சொல்வார்கள்.