தரையில் ஓடும் விமானம்

கணியூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். ராத்திரிச் சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, விசைத்தறிச் சத்தத்தையும் மீறிக்கொண்டு வானத்தில் ஓர் இரைச்சல். சூலூர் விமானப்படைத் தளம் அங்கிருந்து தூரமில்லை. தறி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஆகாசத்துல இருக்கிற வரைக்குந்தானுங்க பயம். எறங்கிட்டா ரோட்டுல வண்டி ஓட்டறாப்பலதானுங்களே?" என்றார்.

நானும் தலையை ஆட்டிவிட்டேன். படுத்த பிறகுதான் அது சரியல்ல என்று உறைத்தது.

நம் நாட்டு விமானச் சங்கங்களில் அந்தக் காலத்தில் பலரும் பழகியது 'டைகர் மாத்' என்ற இரட்டை இறக்கை விமானத்தில். தரையில் நின்றால் மூக்கு மேலே தூக்கிக்கொண்டிருக்கும். விமானிக்கு எதிரே ஒன்றும் தெரியாது. பிரேக்கும் கிடையாது. பாம்பு மாதிரி இப்படியும் அப்படியும் வளைத்து ஓட்டி, பக்கவாட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டே போகவேண்டும். பகலிலேயே இந்தப் பாடு. இரவில் சுழலும் விசிறியோ கண்ணுக்கே தெரியாது. பக்கத்தில் போகிறவன் அதற்குள்ளேயே நடந்துவிடலாம்.

பிற்பாடு மூக்குச் சக்கரம் வந்தது, பிரேக் வந்தது, ரேடியோ வந்தது. அபாயம் மட்டும் போகவில்லை. வேறு வேஷம் போட்டுக்கொண்டது.

1991 பிப்ரவரி 1. லாஸ் ஏஞ்சலீஸ் நகரம். மாலை ஆறு மணி கடந்து இருட்டிவிட்டது. 12 பேருடன் ஒரு சிறு விமானம் ஓடுபாதைக்குள் வந்து, கிளம்ப உத்தரவு கேட்டுக் காத்து நின்றது. கோபுரத்திலிருந்த அதிகாரி அதை வேறொரு சிறு விமானத்தோடு குழப்பிக்கொண்டு, அதே பாதையில் ஒரு போயிங்கை இறங்கச் சொல்லிவிட்டார். தரை ராடார் அன்று வேலை செய்யவில்லை. போயிங் அதன் முதுகின்மேலேயே இறங்கியது. சின்ன விமானத்தில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. போயிங்கிலும் இருபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

33 வருஷம் கழித்து டோக்கியோவில் மறுபடியும். 2024 ஜனவரி 2 அந்தி இருட்டில், பூகம்பத்தில் நொந்த நோட்டோ பகுதி மக்களுக்கு நிவாரணச் சாமான் ஏற்றிக்கொண்டு ஜப்பானியக் கடலோரக் காவல்படை விமானம் ஒன்று புறப்பட்டது. 'முதலில் நீங்கள்' என்று கோபுரத்திலிருந்து சொன்னார்கள். கிளம்பும் வரிசையைத்தான் சொன்னார்கள். பாதைக்குள் நுழைய அனுமதி என்று விமானி எடுத்துக்கொண்டார். சுமார் 40 விநாடி அங்கே நின்றிருக்கும். இறங்கி வந்த பெரிய விமானம் மோதியது. அதிலிருந்த 379 பேரும் வெந்து சாகாமல் வெளியேறியது அதிசயந்தான். சிறிய விமானத்தின் ஆறு பேரில் தலைமை விமானி ஒருவரே மிஞ்சினார். ஒரு வார்த்தை, ஐயா! பிற்பாடு அந்த வரிசை சொல்லும் வழக்கத்தையே கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தார்கள்.

மறுநாள் காலை பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பெரியவரிடம் லாஸ் ஏஞ்சலீஸ் சம்பவத்தைச் சொன்னேன். வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"அந்தச் சின்ன வண்டிக்குப் பின்னால வெளக்கு ஒண்ணும் இல்லீங்களா?"

"இருந்தது. ஓடுபாதை நெடுகத் தரையிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதோடு இதுவும் ஒன்றாகத் தெரிந்துவிட்டது" என்றேன்.