உயிரைக் காக்கும் கடமை எதுவரை?



நம் பங்கின் யூபிலியை முன்னிட்டு வெளிவரும் இம்மலரில், ஆலயம் எழும்பிய வரலாற்றையும் முன்னாள் பங்குக் குருக்களின் தொண்டினையும் பிறர் எழுதியிருக்கிறார்கள். நாம் எழுத எடுத்துக்கொண்டது வேறொரு வரலாறு. இம்மலருக்கென்று பழைய மரணப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தபோது இவ்வெண்ணம் தோன்றிற்று. முன்னோர் பலர் தம் வீட்டிலேயே, பிள்ளைகள் சூழ, அவஸ்தைப்பூசுதல் பெற்று இறந்திருக்கிறார்கள். இன்றோ நம்மவர் பலர் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில், கண்ணாடிக் கதவுக்கு அப்பால் இறக்கிறார்கள். கதவுக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள் பங்குக் குருவைப் பார்த்துக் கேட்கும் கேள்வி ஒன்றே: “சாமி, மெஷினை எடுக்கச் சொன்னால் நாங்களே கொன்றதாக ஆகிவிடுமா?”

முன்பு நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில் ஒருவர் ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருவார்; ஆனால் நற்கருணை வாங்கமாட்டார். ஒரு நாள் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காரணத்தைச் சொன்னார். (பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதன்று, அவருடைய சம்மதத்துடனேயே பெயரின்றி எழுதுகிறோம்.) இனிப் பயனில்லை என்று மருத்துவர்கள் கூறியபின், மூச்சு இயந்திரத்தில் பல நாள் கிடந்த தம் தாயை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். அன்று மாலையே தாயின் உயிர் பிரிந்தது. தாம் தாயைக் கொன்றுவிட்டதாக எண்ணி மூன்று ஆண்டுகள் அவர் தம்மைத்தாமே தண்டித்துக்கொண்டிருந்தார்.

நம்முடைய குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். குருப்பட்டம் பெற்ற புதிதில் இதே கேள்வியுடன் வந்த ஒரு குடும்பத்தாரிடம், நோயின் நிலை என்ன, செலவு என்ன என்று ஒன்றும் விசாரியாமல், “கடைசி மூச்சு வரை எல்லாம் செய்யுங்கள்” என்று சொல்லி அனுப்பினோம். அவர்கள் இருந்த நிலத்தை விற்றார்கள். நோயாளியும் பிழைக்கவில்லை. குருமடத்தில் அறநெறி இறையியலைப் படித்துத் தேர்வும் எழுதியிருந்த நாம், வேண்டிய நேரத்தில் அதை மறந்தோம். திருச்சபை இக்கேள்விக்கு ஐந்நூறு ஆண்டுகளாக விடை சொல்லி வருகிறது. அவ்விடை பிறந்து வளர்ந்த வரலாற்றை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருப்பது நலம்.

சலமன்காவின் ஆசிரியர்கள்

உயிர் இறைவனின் கொடை; நாம் அதன் காவலரேயன்றி உரிமையாளர் அல்லர். இதனாலேயே தற்கொலை பாவம் என்று 13-ஆம் நூற்றாண்டில் புனித அக்குவினா தோமையார் விளக்கினார். அப்படியானால் உயிரைக் காக்க நம்மால் முடிந்த அனைத்தையும் செய்தே தீரவேண்டுமா? இக்கேள்வியைத் தெளிவாக எழுப்பியவர்கள் 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டின் சலமன்கா பல்கலைக்கழகத்தில் கற்பித்த சாமிநாதர் சபைத் துறவிகள்.

அவர்களுள் முதல்வர் பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா. 1526 முதல் 1546-இல் இறக்கும்வரை அங்கே இறையியல் பேராசிரியராக விளங்கியவர். உணவே உயிரைக் காக்கும் முதல் மருந்து. ஆயினும் ஒரு கவளத்தை விழுங்குவதும் சித்திரவதையாகிவிட்ட நோயாளி, அதிலும் பிழைக்கும் நம்பிக்கை அற்றவர், உண்ணாமையால் சாவான பாவம் செய்வதில்லை என்று அவர் கற்பித்தார். கோழியும் கௌதாரியும் தின்றால் உடம்பு தேறும் என்று மருத்துவரே சொன்னாலும், ஏழை தன் வழக்கமான உணவை உண்டால் போதும் என்றார். உயிரைக் காக்கும் மருந்துக்காகத் தன் குடும்பச் சொத்து முழுவதையும் கொடுக்க எவரும் கடமைப்பட்டவர் அல்லர் என்றும் கூறினார். நிலத்தை விற்ற குடும்பத்தை நினைக்கும்போதெல்லாம் இவ்வாசிரியரின் நினைவும் நமக்கு வருகிறது.

அவருடைய தோழர் தொமிங்கோ தெ சோத்தோ, உறுப்பை அறுத்து நீக்கும் சிகிச்சையை எடுத்துக்கொண்டார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. அத்தகைய கொடிய வேதனையைத் தாங்கியாவது உயிரைக் காக்க வேண்டுமென்று யாரையும் கட்டாயப்படுத்த இயலாது என்பது அவர் முடிவு. அதே நூற்றாண்டின் இறுதியில் தொமிங்கோ பாஞேஸ் இப்போதனைக்கு ‘சாதாரண வழிகள்’, ‘அசாதாரண வழிகள்’ என்ற சொற்களை வழங்கினார். உணவு, உடை, எளிய மருந்து ஆகிய சாதாரண வழிகளால் உயிரைக் காப்பது கடமை. பெரும் வேதனையோ, தாங்கொணாச் செலவோ உண்டாக்கும் அசாதாரண வழிகளை நாடுவது கடமையன்று.

அடுத்த நூற்றாண்டில் இயேசு சபையைச் சேர்ந்த கர்தினால் யுவான் தெ லூகோ (1583-1660) பாமரரும் விளங்கிக்கொள்ளும் உவமை ஒன்றைச் சொன்னார். தீயின் நடுவே ஒருவன் அகப்பட்டுக்கொண்டான். தீயை முழுவதும் அணைக்கப் போதிய நீர் கையில் இருந்தால் அவன் அணைத்தே தீரவேண்டும். சிறிது நேரம் சாவைத் தள்ளிப்போடும் அளவே நீர் இருந்தால் அதை ஊற்றக் கடமையில்லை. உறுதியான பலன் இல்லாத இடத்தில் கடமையும் இல்லை என்பது இதன் கருத்து.

மருத்துவம் மாறியது, நெறி மாறவில்லை

1846-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்க மருந்து கொடுத்து அறுவை சிகிச்சை வெற்றியாகச் செய்து காட்டப்பட்டது. 1867-இல் ஜோசப் லிஸ்டர் கிருமிநாசினி முறையை வெளியிட்டார். சோத்தோவின் காலத்தில் சித்திரவதையாயிருந்த அறுவை, இவற்றால் தாங்கக்கூடியதாயிற்று. அன்று அசாதாரணம், இன்று சாதாரணம்! ஆகவே ‘இந்த இயந்திரம் கடமை, அந்த இயந்திரம் கடமையன்று’ என்று நிலையான பட்டியல் போட முடியாது. இந்த நோயாளிக்கு, இந்த நேரத்தில், இதனால் வரும் பலன் என்ன, பாரம் என்ன என்றே கேட்க வேண்டும்.

1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவியது. மூச்சுவிட இயலாத நோயாளிகளின் தொண்டையில் குழாயைப் பொருத்தி, மருத்துவ மாணவர்கள் இரவு பகலாக முறைவைத்துக் கையாலேயே காற்றுப்பையை அழுத்தி அவர்களைக் காப்பாற்றினார்கள். அந்த அன்புப் பணியின் தொடர்ச்சியாகவே தீவிர சிகிச்சைப் பிரிவுகளும் இன்றைய மூச்சு இயந்திரங்களும் பெருகின. அவற்றால் பிழைத்தோர் எண்ணிறந்தோர். ஆனால் புதிய துயரம் ஒன்றும் உடன் வந்தது. பிழைக்கும் வழியே இல்லாதவரின் மூச்சும் இயந்திரத்தால் நீண்டது. இயந்திரத்தை எப்போது எடுக்கலாம்? ஆஸ்திரியா நாட்டின் இன்ஸ்புருக் நகர மயக்க மருத்துவர் புரூனோ ஹைட் இக்கேள்வியைத் திருத்தந்தையிடமே அனுப்பினார்.

1957-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் நாள் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மருத்துவர்கள் கூட்டத்தில் விடையளித்தார். சலமன்காவின் போதனையே அவ்விடையின் அடிப்படை. ஆள், இடம், காலம், பண்பாடு ஆகியவற்றுக்கேற்ப, தமக்கோ பிறருக்கோ பெரும் பாரமாகாத வழிகளையே கையாளக் கடமையுண்டு. நோயாளியின் விருப்பத்தை மீறி மருத்துவருக்குத் தனி உரிமை இல்லை. செயற்கை மூச்சு குடும்பத்தாரால் தாங்கொணாப் பாரமாகுமானால், அதை நிறுத்தும்படி அவர்கள் கேட்பது முறையே. அதே ஆண்டு பிப்ரவரியில் மற்றொன்றையும் அவர் தெளிவாக்கியிருந்தார். வேறு வழி இல்லாதபோது வேதனையைத் தணிக்கும் நோக்கத்தோடு கொடுக்கும் மருந்து, ஆயுளை ஓரளவு குறைக்கக்கூடுமாயினும், அதைக் கொடுப்பது பாவமன்று. வேதனை நீங்குவதே நோக்கம், சாவு நோக்கமன்று.

ஒரு தகப்பனாரின் சோதனை

இப்போதனை உலகறியச் சோதிக்கப்பட்டது அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில். 1975-ஆம் ஆண்டு ஏப்ரலில் கேரன் ஆன் குயின்லன் என்ற 21 வயதுப் பெண் நினைவிழந்து விழுந்தாள். மூளை மீளாத சேதமடைந்தது. கத்தோலிக்கரான பெற்றோர், தம் பங்குக் குருவின் ஆலோசனையைக் கேட்டு, மூச்சு இயந்திரத்தை எடுக்க வேண்டினர். மருத்துவர்கள் மறுத்தனர், வழக்கு நீதிமன்றம் சென்றது. பெற்றோர் எடுத்த முடிவு திருச்சபைப் போதனைக்கு ஏற்றதே என்று மறைமாவட்ட ஆயர் எடுத்துரைத்தார். 1976 மார்ச் 31-இல் மாநில உச்ச நீதிமன்றம் பெற்றோருக்கு இசைவாகத் தீர்ப்பளித்தது.

பின்னர் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. இயந்திரத்தை எடுத்தபின் கேரன் தானாகவே மூச்சுவிட்டாள்! நினைவு திரும்பாமலே 1985 ஜூன் வரை, ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தாள். குழாய்வழி உணவை நிறுத்த அவள் தகப்பனார் ஒருபோதும் எண்ணவில்லை. அவர் விலக்க விரும்பியது பாரமாகிவிட்ட இயந்திரத்தை, மகளின் உயிரையன்று. கொலைக்கும் சாவை ஏற்றுக்கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட விளக்கமாகக் காட்டும் நிகழ்ச்சி நாம் அறிந்தவரை இல்லை.

1980 மே 5-ஆம் நாள் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கருணைக்கொலையைப் பற்றி அறிக்கை ஒன்றை வெளியிட்டது. கருணைக்கொலை எந்தப் பெயரில் வந்தாலும் கொலையே என்று அது உறுதியாகக் கூறிற்று. அதே மூச்சில், சிகிச்சையின் வகை, ஆபத்து, செலவு ஆகியவற்றை எதிர்பார்க்கும் பலனோடும் நோயாளியின் உடல், மன வலிமையோடும் ஒப்பிட்டு முடிவு செய்யலாம் என்றும் கற்பித்தது. குடும்பத்தின்மீது அளவுக்கு மிஞ்சிய செலவைச் சுமத்த விரும்பாமையும் நேர்மையான காரணமே. ஆனால் எந்நிலையிலும் நோயாளிக்குரிய சாதாரணப் பராமரிப்பை நிறுத்தலாகாது.

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1995-இல் தம் சுற்றுமடலில் இப்போதனையை மீண்டும் வலியுறுத்தினார். 2004-இல், குழாய்வழி கொடுப்பதாயினும் உணவும் நீரும், அவை நோயாளியின் உடலுக்குப் பயன்படும்வரை, பொதுவாகச் சாதாரணப் பராமரிப்பே என்று தெளிவாக்கினார். மறு ஆண்டில் தாமே அதற்குச் சாட்சியானார். 2005 பிப்ரவரியில் மூச்சுவிடத் தொண்டையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அவர், இறுதி நாட்களில் மறுபடியும் மருத்துவமனைக்குச் செல்லாமல், வத்திக்கானில் தம் அறையிலேயே மருத்துவ உதவியும் செபமும் சூழ ஏப்ரல் 2-ஆம் நாள் ஆண்டவரிடம் சென்றார். 2017-இல் திருத்தந்தை பிரான்சிஸ், பத்திநாதரின் 1957-ஆம் ஆண்டு விடையை நினைவூட்டி அதே நெறியை உறுதிப்படுத்தினார்.

நம் நாட்டில் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-இல், மீளமுடியாத நோயாளிக்கு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்த வழிகாட்டும் தீர்ப்பை வழங்கியது. 2023 ஜனவரியில் அதன் நடைமுறையை எளிதாக்கியது. செய்தித்தாள்கள் இதனையும் ‘கருணைக்கொலை’ என்றே எழுதுவதால் விசுவாசிகள் மனம் குழம்புகிறார்கள். சொல் ஒன்றாயிருந்தாலும் செயல்கள் வேறு. ஊசி போட்டு உயிரைப் போக்குவது கொலை. பயனற்றுப் பாரமாகிவிட்ட சிகிச்சையை விடுவது, சாவை இறைவன் கையில் ஏற்றுக்கொள்வது.

நம் குடும்பங்களுக்கு

எனவே அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்க நேர்ந்தால், முதலில் மருத்துவரிடம், “இதனால் பிழைப்பாரா, அல்லது இறப்பது தள்ளிப்போகுமா?” என்று ஒளிவுமறைவின்றிக் கேளுங்கள். நோயாளி நினைவோடு இருந்தபோது எதை விரும்பினார் என்று எண்ணிப் பாருங்கள். இச்சிகிச்சையால் அவர்படும் வேதனை என்ன, குடும்பம் தாங்குமா என்று ஆராயுங்கள். உங்கள் உள்ளத்தையும் ஆராய வேண்டும். சொத்துக்காகவோ, பார்த்துக்கொள்ளும் தொல்லைக்காகவோ பெற்றோரைக் கைவிட இப்போதனை இடந்தராது. முதியவர் என்பதாலோ, ஊனமுற்றவர் என்பதாலோ பலன் தரும் சிகிச்சையை மறுப்பதும் பாவமே. வீட்டுக்குக் கொண்டுவந்தாலும் கஞ்சியோ தண்ணீரோ ஏற்கும்வரை கொடுங்கள். வேதனைக்கு மருந்து கொடுங்கள். கையைப் பற்றிக்கொண்டு அருகில் இருங்கள்.

குருவைக் காலத்தோடு அழையுங்கள். ‘சாமி வந்தால் அம்மா பயந்துவிடுவாள்’ என்று கடைசி நேரம்வரை தள்ளிப்போடும் வழக்கம் இன்னும் நம்மிடையே உண்டு. நோயில்பூசுதல் சாகும் வேளைக்கு மட்டும் உரியதன்று என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே கற்பித்துவிட்டது. நினைவோடு இருக்கும்போதே அதைப் பெறுவதால் வரும் ஆறுதலை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

திண்ணையில் உட்கார்ந்து அழுத அந்த மனிதருக்கு இவ்வரலாற்றையே எளிய சொற்களில் எடுத்துரைத்தோம். “அப்போ நான் அம்மாவைக் கொல்லவில்லையா சாமி?” என்று இருமுறை கேட்டார். அடுத்த ஞாயிறு நற்கருணை வாங்க வரிசையில் வந்து நின்றார். இதை யாராவது மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அவருக்குச் சொல்லியிருக்கலாம்.

பழைய ஏற்பாட்டில் யூபிலி ஆண்டு அடிமைகளுக்கு விடுதலை ஆண்டு. நம் பங்கில் இத்தகைய குற்றவுணர்வைச் சுமந்துகொண்டு இருப்போர் எவரேனும் இருந்தால், இந்த யூபிலியில் அதை இறக்கிவைக்க வாருங்கள். குருமனையின் கதவு திறந்திருக்கிறது. நன்மரணத்தின் பாதுகாவலரான புனித சூசையப்பர் நம் ஒவ்வொருவருக்காகவும் வேண்டிக்கொள்வாராக!